தாலிக்கொடியைக் கழற்றிவிட்டுத் தோண்டினேன்

முதலில் கழற்றியது கால்விரல் மிஞ்சி. பிறகு காப்புகள். தாலிக்கொடி கடைசியாகத்தான். இந்த ஒழுங்கை நான் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், அந்த நாட்களில் ஆஸ்திரேலியாவில், டூங்கபியில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களில் நடந்த கதை வேறு. நான் எல்லாவற்றையும் ஒரேயடியாக உருவி வைத்துவிட்டு ஒரு வெள்ளைக்காரியோடு பற்றைக் காட்டுக்குள் திரிந்தேன் என்று பேசிக்கொண்டார்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காரணத்துக்காக, வேறு வழி தேடிப் பார்த்துச் சரிவராமல்தான் கழற்றினேன். கழற்றியதற்காக வெட்கப்படவும் இல்லை.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. மெற்றல் டிடெக்டரைக் கொண்டுபோய்த் தங்கக்கட்டி எடுத்தவர்களின் படங்கள் பேப்பரில் அடிக்கடி வந்த காலம். வெஸ்ட்மீட்டில் புதிதாகத் திறந்திருந்த ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்த என் கணவர், ஆசைப்பட்டு ஒரு பழைய மெசினை வாங்கி வந்தார். நீளமான தடி. அதன் அடியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்டம். மேலே பெட்டி, அதில் முள் ஆடும். காதில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, வட்டத்தை நிலத்துக்கு மேலால் வீசிக்கொண்டு நடக்க வேண்டும். கீழே உலோகம் இருந்தால் கத்தும். அவர் ஒரேயொரு சனிக்கிழமை மலைப்பக்கம் போய்த் தேடினார். தங்கம் கிடைக்கவில்லை, இடுப்பில் நாரிப்பிடிப்புத்தான் கிடைத்தது. அதன் பிறகு மெசின் உடுப்புத் தோய்க்கிற அறையில் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் நின்றது.

ஒரு நாள் அதைத் தூசி தட்டுவதற்காகப் பின்படியில் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புருஷன் இறந்து தனியாக இருந்தார். இரண்டு வருடமாக நானும் அவரும் தலையாட்டியதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. என்னுடையது பள்ளிக்கூட இங்கிலிஷ். எழுதினால் நிற்கும், வாயைத் திறந்தால் ஓடி ஒளிந்துவிடும். அவர் தன்னிடமும் ஒரு மெசின் இருக்கிறது என்றார். தங்கத்துக்குப் போவதில்லையாம், பழைய காசும் பட்டாளச் சாமான்களும்தான் தேடுவாராம். மேற்கே ஒரு மேய்ச்சல் நிலத்தில், போன பெரிய யுத்தத்தின்போது படைமுகாம் இருந்ததாம். நிலத்துக்காரர் தோண்ட விடுவாராம். சனிக்கிழமை வருகிறாயா என்று கேட்டார். ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் சேலையோடு, செருப்போடு போனேன். அவருடைய மெசின் இடைக்கிடை ஒரு தரம் கூவியது. என்னுடையது ஓயாமல் கத்தியது. எங்கே வைத்தாலும் சத்தம். நான் காட்டிய இடமெல்லாம் அவர் வந்து தோண்டினார். புல்லை மூன்று பக்கம் வெட்டிப் பெட்டி மூடி திறப்பதுபோலத் திறந்து, மண்ணைக் கிளறி, ஒன்றும் இல்லாமல் திரும்ப மூடினோம். கிடங்கு ஒன்றையும் திறந்தபடி விடக் கூடாது, ஆட்டின் கால் முறியும் என்பது நிலத்துக்காரரின் ஒரே கட்டளை. மெசின் பழுது, என் கணவரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். கடைசியில் அந்தப் பெண் என் காலைப் பார்த்தார். வட்டம் என் இடது காலுக்குக் கிட்ட வரும்போதெல்லாம் கத்துவதைக் கவனித்திருக்கிறார். செருப்பைக் கழற்றச் சொன்னார். இரண்டு காலிலும் வெள்ளி மிஞ்சி. அவர் சிரித்த சிரிப்பில் புல்லிலேயே குந்திவிட்டார். இந்த நாட்டில் இத்தனை காலம் தோண்டியும், காலில் வெள்ளியோடு காசு தேட வந்த ஆளைத் தான் கண்டதில்லை என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஊர் விட்டு வந்த பிறகு வெளியிடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மிஞ்சியைக் கழற்றி அவருடைய காரில் வைத்துவிட்டு வந்து திரும்பவும் வீசினேன். அன்று பின்னேரம் எனக்கு ஒரு பென்னி கிடைத்தது. பெரிய செப்புக்காசு. பச்சை பிடித்திருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தபோது அரசரின் தலை தெரிந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். இலங்கையில் நான் சிறுமியாக இருந்தபோது கடைக்குக் கொண்டுபோன சதுர ஐந்து சதத்தில் இருந்ததும் இதே அரசர்தான். இந்த நாட்டில் எனக்கு முன்பே பழக்கமான முதல் ஆளை மண்ணுக்குள் இருந்துதான் எடுத்தேன். அந்த நிமிடத்திலிருந்து சனிக்கிழமைகள் என்னுடையவை ஆகிவிட்டன.

காப்புகளின் கதை அடுத்தது. தோண்டிய மண்ணில் காசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மெசினைக் கிடத்திவிட்டு, மண்ணைக் கை நிறைய அள்ளி வட்டத்துக்கு மேலால் கொண்டுபோக வேண்டும். கத்தினால் காசு கைக்குள் இருக்கிறது. கத்தாவிட்டால் அந்த மண்ணை எறிந்துவிட்டு அடுத்த பிடியை அள்ளலாம். என் கை போனால் எப்போதும் கத்தும். வெறுங்கை போனாலும் கத்தும். தங்கக் காப்புகள் கலியாணத்தன்று ஏறியவை, பிறகு இறங்கியதில்லை. குசினியில் பாத்திரம் கழுவுகிற பைப்படியில் சவர்க்காரம் போட்டு உருவினேன். தோலும் கொஞ்சம் வந்தது.

கொடிக்குத்தான் மிகவும் பாடுபட்டேன். குனிந்தால் அது தொங்கி வட்டத்துக்கு மேல் ஊஞ்சல் ஆடும். சட்டைக்குள் விட்டு ஊசி குத்தினேன், ஊசியும் உலோகம். முதுகுப் பக்கம் எறிந்து பார்த்தேன், குனிந்தவுடன் வழுக்கி முன்னுக்கு வந்தது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டினேன், வேர்வையில் மூச்சு முட்டியது. ஒரு சனிக்கிழமை காலை அதைக் கழற்றிச் சாமிப் படத்தடியில் வைத்தேன். கணவர் வேலை முடிந்து வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“வீட்டிலை வைச்சிட்டுப் போறதுதான் நல்லது. அங்கை அறுந்து விழுந்தா, அதைத் தேட இன்னொரு மெசின் வாங்க வேண்டி வரும்” என்றார்.

அவ்வளவுதான். எனக்கும் அவருக்கும் இடையில் அது முடிந்துபோன விஷயம்.

அவருடைய பழைய காற்சட்டையையும் சேர்ட்டையும் போட்டுக்கொண்டு, தொப்பியோடு போகத் தொடங்கினேன். நல்ல சாமான்கள் வந்தன. மூன்று பென்ஸ் வெள்ளிக் காசுகள், மீன் செதில்போல மெல்லியவை. வெடித்து முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள். ஆஸ்திரேலியா வரைபடம் பதித்த பட்டாளச் சட்டைப் பொத்தான்கள். இடுப்புப் பட்டி கொளுக்கிகள், வளைந்த கரண்டி. நடுவில் எண்ணுக்கணக்கில்லாமல் குளிர்பான டின்னின் இழுப்பு வளையங்கள். அவை வெள்ளிக்காசு மாதிரியே கூவி ஏமாற்றும். முகாமில் ஒரு இளம் பெடியன் பொத்தானைத் தைக்காமல் விட்டுத் தொலைத்திருப்பான், அதற்கு ஏச்சும் வாங்கியிருப்பான் என்று அந்தப் பெண் சொல்வார். நான் பொத்தானை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். ஹெட்போனுக்குள் வேறு சத்தம் வராது. நீ எங்கிருந்து வந்தாய், எப்போது திரும்பிப் போகிறாய் என்று நிலம் கேட்பதில்லை. கூச்சப்படுகிற ஆளுக்கு அதைவிட நல்ல இடம் எது?

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் எல்லாரும் டொக்டர் அன்ரி என்று கூப்பிடுகிற மூத்த பெண்ணின் வீட்டில் கூடித் தேவாரம் பாடுவோம். டொக்டர் அவருடைய கணவர். ஆனால் எங்கள் சிறு கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து எழுதியது அன்ரிதான். யார் எங்கே இருப்பது, யார் எதைச் சமைப்பது, யாருடைய பிள்ளைக்கு யாரைப் பார்ப்பது எல்லாம் அவர்தான் சொல்வார். கெட்டவர் இல்லை. நாங்கள் வந்திறங்கிய வாரமே சோறும் கறியும் கொண்டுவந்தவர் அவர். அங்கே நான் பாடுவேன், பாத்திரம் கழுவுவேன், பேசமாட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல ஆட்டிறைச்சி கிடைப்பதில்லை என்று ஆண்கள் குறைப்பட்டார்கள். நான் தோண்டுகிற நிலத்துக்காரர் ஆடு வளர்த்து அடித்துக் கொடுக்கிறார் என்று சொன்னேன். அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்து சொன்ன உருப்படியான தகவல் அது ஒன்றுதான். அதுவே எனக்கு வினையாக வந்தது.

அடுத்த சனிக்கிழமையே டொக்டரும் அன்ரியும் இறைச்சி வாங்க வந்திருக்கிறார்கள். நான் காணவில்லை. காதில் ஹெட்போன், முழங்காலில் நின்று மண் அள்ளிக்கொண்டிருந்தேன். காருக்குள் இருந்து அன்ரி கண்டது இதுதான்: கழுத்து வெறுமை, கை வெறுமை, வேர்வையில் பொட்டும் அழிந்துவிட்டது. புருஷனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிலத்தில் மண்டியிட்டு முகத்தைத் துடைக்கிறேன், மண்ணை அள்ளுகிறேன், எறிகிறேன். எங்கள் பெண்களில் யார் கண்டாலும் வேறு என்ன நினைப்பார்கள்? என் கணவர் செத்துவிட்டார், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்ரி முடிவு கட்டினார். வாங்கிய இறைச்சி பழுதாகிவிடும் என்று டொக்டர் காரை நிறுத்தாமல் விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் அன்ரி எங்களுக்கு ரெலிபோன் அடித்திருக்கிறார். என் கணவர் பகலில் படுக்கும்போது ரெலிபோனைத் தலையணைகளால் மூடிவிடுவார். யாரும் எடுக்கவில்லை. அது போதுமாக இருந்தது.

பின்னேரம் பக்கத்து வீட்டுப் பெண் என்னை எங்கள் தெருவில் இறக்கியபோது வாசலில் கார்கள் நின்றன. கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெண்கள் அழுகிற சத்தம்.

கேற்றிலிருந்து கதவுவரை பெரிய தூரம் இல்லை. அதற்குள் நான் என் புருஷனைக் கொன்றுவிட்டேன். கழற்றினேனே, கழற்றினேனே என்று ஓடினேன். கையில் இருந்த பை விழுந்து காசுகள் படியில் சிதறின. அந்தக் கொஞ்ச நேரம் நான் நம்பியதை இங்கே மறைக்க மாட்டேன். முழு மனதோடு நம்பினேன்.

உள்ளே என் கணவர் சாரத்தோடு, தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்க, அவருடைய கதிரையில் டொக்டர் அன்ரி இருந்து அழுதுகொண்டிருந்தார். கதவைத் தட்டியவர்களுக்குப் பிணமே வந்து திறந்துவிட்டதாம். இன்னொருவர் அன்ரிக்குச் சோடா கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் தன் மகளுக்குக் கலியாணம் வைத்திருந்த பெண் ஒரு பெரிய சட்டி சோற்றோடு குசினி வாசலில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். எங்கள் பக்கத்தில் நடக்கப்போகிற முதல் தமிழ்க் கலியாணம் அது. ஆராத்தி எடுக்கும் இரண்டு சுமங்கலிகளில் ஒருத்தியாக என்னைக் கேட்டிருந்தார்கள். வாயே திறக்காத என்னை யாரும் எதற்கும் முன்னுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்கு உடுக்கிற சேலையைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

என் கணவரின் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அன்ரி மீது அல்ல. கேற்றிலிருந்து கதவுவரை நான் என்னையே கொலைகாரி ஆக்கினேனே, அதன் மீது. ஒரு தங்கத்தைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்ததற்கு இவ்வளவு பெரிய குற்றத்தை என் தலையில் யார் எப்போது ஏற்றினார்கள் என்று கோபம்.

அன்ரி அழுகையை நிறுத்திவிட்டு எழும்பினார். தான் பிழையாக நினைத்துவிட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் கழுத்தைப் பார்த்தார். பிறகு சாமிப் படத்தடியில் கிடந்த கொடியைப் பார்த்தார். கலியாணம் கிட்ட வருகிறது, இப்படிக் கழற்றி வைக்கிற கையால் ஆராத்தி எடுத்தால் கலியாணப் பொம்பிளைக்கு ஆகாது என்றார். எல்லாருக்கும் முன்னால் சொன்னார்.

“இஞ்சை வாரும் பிள்ளை. இனிக் கழட்டமாட்டன் எண்டு இந்தப் படத்துக்கு முன்னாலை ஒரு சொல் சொல்லும். நான் மற்றதெல்லாத்தையும் மறந்திடுறன்.”

எல்லாரும் பார்த்தார்கள். பொதுவாக இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்து, சரி அன்ரி என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன்.

“சொல்லமாட்டன், அன்ரி.”

“ஏன்?”

“வாற சனிக்கிழமை கழட்ட வேணும்.”

சோற்றுச் சட்டியோடு நின்ற பெண் இருமுவதுபோல முகத்தைத் திருப்பினார். அன்ரிக்கு முகம் சிவந்தது. மனுசன்ரை உயிர் பெரிசோ துருப்பிடிச்ச சில்லறை பெரிசோ என்று கேட்டார். என் கணவர் நடுவில் வந்தார்.

“அன்ரி, நான் உயிரோடைதானே நிக்கிறன். என்னையும் ஒருக்கால் கேளுங்கோவன்.”

“தம்பி, நீர் சும்மா இரும். இது உம்மடை விசயம் இல்லை.”

அதோடு அவர்கள் போனார்கள். சோறு மட்டும் இருந்தது. இருவரும் அதைச் சாப்பிட்டோம். தன் செத்தவீட்டுச் சோறு நல்ல ருசி என்றார் என் கணவர். நான் சிரிக்கவில்லை. ஆராத்தி போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

அதைவிட அதிகம் போனது. அடுத்த வெள்ளிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கடையில் கண்டவர்கள் மரக்கறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அந்த நாலைந்து வீடுகளுக்கு வெளியே நான் தமிழ் பேச ஒரு வாசல் இல்லை. கணவர் பகலில் நித்திரை, இரவில் வேலை. என் குரலை நானே கேட்காத நாட்கள் இருந்தன. அவருக்கும் பொறுக்கவில்லை. ஒருநாள், சொல்லிவிடும், சொல்லிவிட்டு வழமைபோலப் போம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. பொய்ச் சத்தியம் பண்ணி ஒளித்துக் கழற்றினால், கழற்றுவது குற்றம் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் குற்றம் செய்யவில்லை. மழைத் தூறலிலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். முன்பு வேலிக் கரையோரமாகத் தேடியவள், இப்போது ஆடு வாங்க வருகிற பாதைக்குப் பக்கத்திலேயே தோண்டினேன். கார் வந்தால் நிமிர்ந்து பார்த்தேன்.

கலியாணத்துக்கு முந்திய வாரம் கலியாணப் பொம்பிளையின் தாய் ரெலிபோன் எடுத்தார். தனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, ஆனால் கலியாண வீட்டில் அன்ரியைப் பகைக்க முடியாது, நான் ஒரு சொல் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று கெஞ்சினார். பாவம், அவருக்கு எத்தனை அலுவல். நான் வருவேன், கதிரையில் இருப்பேன், ஆராத்தியை வேறு ஆளைக் கொண்டு எடுங்கோ என்றேன். ரெலிபோனை வைத்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

கலியாணமும் சனிக்கிழமைதான். முகூர்த்தம் பகல். விடிந்தவுடன் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு நிலத்துக்குப் போய்விட்டேன். இன்றைக்கு ஒரு நாள் போகாமல் விடலாமே என்று அவரே சொன்னார். இன்றைக்குத்தான் போக வேண்டும் என்றேன். இங்கிலிஷ் ஓடி ஒளியாமல் வந்தது. அன்று மண் ஈரம். பழைய குசினி இருந்த இடம் என்று நாங்கள் நினைத்த மேட்டில் மெசின் நல்ல தெளிவாகக் கூவியது. ஒரு சாண் ஆழத்தில் படைவீரர் கழுத்துப்பட்டியில் குத்துகிற சின்னம். கதிர் விரித்த சூரியன்போல இருக்கும். கதிர் ஒன்றும் உடையவில்லை. அந்தப் பெண் இத்தனை வருடத்தில் தனக்கு முழுதாக ஒன்று கிடைத்ததில்லை என்று பெருமூச்சு விட்டார். பொறாமைப்படுகிறேன் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

வீட்டுக்கு வந்து முழுகினேன். எடுத்து வைத்த சேலையையே உடுத்தேன். காப்புகளைப் போட்டேன். கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டேன். யாருக்காகவும் இல்லை. அது என்னுடையது, அந்தச் சேலைக்கு அது அழகு. நகங்களுக்குள் இருந்த களிமண் மட்டும் போகவில்லை. தேய்த்தேன். போகாதபோது விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் நடு வரிசையில் இருந்தோம். வாழைப்பழத் துண்டுகளில் திரி ஏற்றிய தட்டத்தை அன்ரியும் இன்னொருவரும் பிடித்து மாப்பிள்ளை பொம்பிளைக்கு ஆராத்தி எடுத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என் பக்கம் திரும்பி, பிறகு முன்னால் பார்த்தார். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

பிறகு அன்ரி குங்குமத் தட்டத்தோடு வரிசை வரிசையாக வந்தார். சுமங்கலிகளின் நெற்றியில் தானே பொட்டு வைத்தார். என்னிடம் வந்ததும் நின்றார். கண் நேராக என் கழுத்துக்குப் போனது. கொடியைக் கண்டதும் முகம் இளகியது. உண்மையான சந்தோஷம். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

“விட்டிட்டீரோ பிள்ளை?” என்று மெதுவாகக் கேட்டார். குங்குமம் தொட்ட விரல் என் நெற்றிக்குக் கிட்ட வந்துவிட்டது.

ஓம் என்று தலையாட்டியிருந்தால் போதும். வெள்ளிக்கிழமைகள் திரும்பி வந்திருக்கும்.

“இல்லை அன்ரி. இண்டைக்குக் காலைமையும் கழட்டிப்போட்டுப் போனனான். வந்து திரும்பப் போட்டனான்.”

அவருடைய விரல் அப்படியே நின்றது. விரலை அவர் இழுப்பதற்கு முன், களிமண் நகத்தோடு என் கையை நீட்டித் தட்டத்தில் இருந்த குங்குமத்தைத் தொட்டேன். நானே என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது, துடைக்கவில்லை. அன்ரி தட்டத்தோடு அடுத்த ஆளிடம் போனார். நான் கைகளைச் சேலைக்குள் மறைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வரை அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.